1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் என்ஜின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் வட்டாரங்களில் பழைய டீசல் கார் வாங்க நினைப்பவர்களும், ஏற்கெனவே வைத்திருப்பவர்களும், பட்டறையில் தொழில் பழகும் இளைஞர்களும் இந்த என்ஜினைப் பற்றித் திரும்பத் திரும்ப ஒரே ஐயங்களைக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே வைத்து, ஒவ்வொன்றுக்கும் விடை எழுதியிருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை. ஓர் இடத்தில் விளக்கியதை மறுபடி எழுதாமல், அந்த விடையைச் சுட்டிக்காட்டியிருக்கிறேன்.

ஏனுங்க, மல்டிஜெட், டிடிஐஎஸ், குவாட்ராஜெட்டுன்னு ஆளுக்கொரு பேரு சொல்றாங்களே, இதெல்லாம் வேற வேற என்ஜினுங்களா?

அனைத்தும் ஒரே குடும்பம். ஃபியட் நிறுவனம் மல்டிஜெட் என்றும், மாருதி சுசுகி டிடிஐஎஸ் என்றும், டாடா குவாட்ராஜெட் என்றும், செவர்லே ஸ்மார்டெக் என்றும், ஐரோப்பாவில் ஓப்பல் சிடிடிஐ என்றும் பெயரிட்டு விற்றது இந்த நான்கு சிலிண்டர், 1248 சி.சி. டீசல் என்ஜினைத்தான். சுவிஃப்ட், டிசையர், ரிட்ஸ், எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ், பலேனோ, விட்டாரா பிரெஸ்ஸா ஆகிய மாருதி கார்களிலும், இண்டிகா விஸ்டா, மான்சா, செஸ்ட், போல்ட் ஆகிய டாடா கார்களிலும், புன்டோ, லீனியா ஆகிய ஃபியட் கார்களிலும், செவர்லே செயில், என்ஜாய் கார்களிலும் இது ஓடியது. நம் ஊர் டாக்சி நிறுத்தம் ஒன்றில் பத்து நிமிடம் நின்றாலே இவற்றில் நாலைந்து கண்ணில் பட்டுவிடும்.

மாருதி வண்டியில பியட் என்ஜின் எப்படிங்க வந்துச்சு?

2000ஆம் ஆண்டில் ஃபியட்டும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, என்ஜின்களையும் கியர்பெட்டிகளையும் சேர்ந்தே உருவாக்க ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. அந்தக் கூட்டின் காலத்தில் உருவாகி 2003இல் வெளிவந்ததே இந்த என்ஜின். போலந்து நாட்டின் பீல்ஸ்கோ பியாவா ஆலையில் இதன் உற்பத்தி தொடங்கியது. அப்போது சுசுகியில் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பங்கு இருந்ததால், ஐரோப்பாவில் விற்ற சுசுகி கார்களிலும் இது இடம்பெற்றது. ஃபியட்–ஜெனரல் மோட்டார்ஸ் உறவு 2005இல் முறிந்த பின்னும் என்ஜின் இரு தரப்பிடமும் தொடர்ந்தது. அதே ஆண்டில் ‘இண்டர்நேஷனல் என்ஜின் ஆஃப் தி இயர்’ விருதில் 1 முதல் 1.4 லிட்டர் வரையிலான பிரிவில் இது முதலிடம் பெற்றது.

இந்தியாவில் சுசுகி ஃபியட்டிடம் உரிமம் பெற்று, ஹரியானாவின் மானேசரில் இதற்கென ஆலை அமைத்தது. அங்கே உருவான என்ஜினுடன் 2007 தொடக்கத்தில் டீசல் சுவிஃப்ட் வெளிவந்தது. மாருதியின் ஆவணங்களில் இதற்கு டி13ஏ என்று பெயர். புனே அருகே ரஞ்சன்கானில் ஃபியட்டும் டாடாவும் சேர்ந்து நடத்திய ஆலையில் ஃபியட், டாடா கார்களுக்கான என்ஜின்கள் உருவாயின. போட்டி நிறுவனங்கள் பல ஒரே என்ஜினை நம்பிக் கார் விற்றது நம் நாட்டு மோட்டார் வரலாற்றில் மிக அரிதான நிகழ்வு.

1248 சி.சி.ன்னா 1.2 லிட்டர் தானுங்களே, எதுக்கு 1.3ன்னு போடறாங்க?

கணக்குப்படி 1.2க்குத்தான் அது நெருக்கம். 1.3 என்பது நிறுவனங்கள் சூட்டிய விற்பனைப் பெயர். சிலிண்டரின் உள்விட்டம் 69.6 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 82 மி.மீ.; இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு சிலிண்டருக்கு 312 சி.சி., நான்குக்கும் சேர்த்து 1248 வரும். விட்டத்தைவிட நகர்வுத் தூரம் கூடுதலாக இருப்பதால் இது குறைந்த சுழற்சியில் இழுவை தரும் வகையைச் சேர்ந்தது.

அளவு சிறியதாக இருந்ததில் இந்தியாவில் ஒரு வரி ஆதாயமும் உண்டு. 2006 மத்திய பட்ஜெட்டில், 4 மீட்டருக்குக் குறைந்த நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் என்ஜினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. டீசல் சுவிஃப்ட் அந்த வரம்புக்குள் வசதியாக அடங்கிற்று. அதோடு 2010இல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியும், டீசலுக்கு 2014 அக்டோபர் வரை நீடித்ததால், இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் பெருகியது. நம் பகுதியில் விசைத்தறிக்காரர் முதல் கோழிப்பண்ணைக்காரர் வரை டீசல் காருக்கு மாறிய காலம் அது.

மல்டிஜெட்டுன்னா என்னங்க அர்த்தம்? பழைய டீசலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பழைய டீசல் என்ஜினில் பம்ப் ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனிக் குழாயில், தன் சுழற்சிக்கேற்ப டீசலை அழுத்தி அனுப்பியது. என்ஜின் மெதுவாகச் சுழலும்போது அழுத்தமும் குறைந்துவிடும். காமன் ரெயில் முறையில் பம்ப் தொடர்ந்து ஒரு பொதுக் குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி வைக்கிறது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் எது எப்போது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. இம்முறைக்கான அடிப்படை ஆய்வை 1990களில் நடத்தியது ஃபியட்டின் ஆய்வுப் பிரிவு. பெருமளவில் உற்பத்தி செய்யும் நிலைக்கு அதைக் கொண்டுவந்தது ஜெர்மனியின் பாஷ் நிறுவனம். 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 கார் மூலம் இது சந்தைக்கு வந்தது.

அதன் அடுத்த படியே மல்டிஜெட். ஒரு வேலைச் சுழற்சிக்கு வேண்டிய டீசலை ஒரே மொத்தமாகப் பீய்ச்சாமல், சிறு சிறு பங்குகளாக, தேவைப்பட்டால் ஐந்து முறை வரை பிரித்துப் பீய்ச்சலாம். முதலில் போகும் சிறு துளி அறையைச் சூடாக்கி வைப்பதால், முக்கியப் பங்கு வெடித்துக் கிளம்பாமல் சீராக எரிகிறது. பழைய டீசலின் ‘கடகட’ ஓசை இதில் குறைந்ததற்குக் காரணம் அதுவே. நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்தில் நான்கு சிலிண்டர்களிலும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 67 எரிப்புகள் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஐந்து பீய்ச்சல் என்றால் நொடிக்கு 330க்கும் மேல். இத்தனையும் 1400 பார் அளவிலான அழுத்தத்தில் நடக்கின்றன என்பதை நினைத்தால், 130 கிலோ அளவே எடை கொண்ட இந்தச் சிறு என்ஜின் மீது மதிப்புக் கூடத்தான் செய்கிறது.

பெட்ரோல் சுவிஃப்டுக்கு 87 குதிரை, டீசலுக்கு 75 தான். அப்புறம் எப்படீங்க கொல்லிமலையில டீசல் முந்துது?

குதிரைத்திறன் என்று காகிதத்தில் அச்சிடுவது உச்ச அளவை மட்டுமே. முதல் பெட்ரோல் சுவிஃப்ட் அந்த 87ஐத் தந்தது நிமிடத்துக்கு 6000 சுற்றில். அதன் அதிகபட்ச முறுக்கு விசை, அதாவது தண்டைத் திருப்பும் வலிமை, 113 நியூட்டன் மீட்டர், அதுவும் 4500 சுற்றில். டீசல் சுவிஃப்ட் 2000 சுற்றிலேயே 190 நியூட்டன் மீட்டர் தந்துவிடுகிறது. முறுக்கு விசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதே திறன். அப்படிக் கணக்கிட்டால் 2000 சுற்றில் டீசலிடம் 54 குதிரைத்திறன் இருக்கிறது. பெட்ரோலிடம் அதே சுற்றில் 32ஐத் தாண்ட வாய்ப்பில்லை.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் வேகம் விழுந்து, மறுபடி கீழிருந்து எழ வேண்டும். யாரும் அங்கே 6000 சுற்றில் ஓட்டுவதில்லை. ஆகவே அந்தச் சாலைக்கு வேண்டியது 2000 சுற்றை ஒட்டிய இழுவையே. சமதளத்தில், அவினாசி தாண்டிய நான்கு வழிச் சாலையில், கியரை இறக்கி என்ஜினை முழு வேகத்துக்கு ஏற்றினால் பெட்ரோல் கார் முந்தும்.

மலை ஏற ஏறக் காற்றும் மெலிகிறது. 2240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கே. டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத என்ஜின் அந்த இழப்பை அப்படியே ஏற்க வேண்டியிருக்க, டர்போ உள்ள என்ஜின் அதில் பெரும்பகுதியை ஈடுசெய்துகொள்கிறது.

சிக்னல்ல எடுக்கறப்ப செத்த மாதிரி இருக்கு, கொஞ்சம் போனதும் குபீர்னு கிளம்புது. ஏதாவது கோளாறுங்களா?

பெரும்பாலும் கோளாறு இல்லை. டர்போவைச் சுழற்றுவது வெளியேறும் புகை. ஒன்றேகால் லிட்டர் என்ஜின் மெதுவாக ஓடும்போது அதற்குப் போதிய புகை கிடைப்பதில்லை. எனவே ஏறக்குறைய 1800 சுற்று வரை இது டர்போ இல்லாத சிறு டீசல் என்ஜினாகவே நடந்துகொள்கிறது. அதற்கு மேல் டர்போ விழித்ததும் இழுவை ஒரேயடியாக வருகிறது. 75 குதிரைத்திறன் வகையில் இது நன்றாகவே உணரப்படும். கியரைச் சற்றுத் தாமதமாக மாற்றுவதும், ஏற்றத்தில் மூன்றாம் கியரில் தவிப்பதற்குப் பதில் இரண்டுக்கு இறக்குவதும் போதும்.

முன்பு இல்லாத மந்தம் புதிதாக வந்திருந்தால் மட்டும் பார்க்க வேண்டும். டர்போவிலிருந்து காற்றுப் போகும் ரப்பர் குழாய் கிழிந்திருக்கலாம், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரி படிந்திருக்கலாம். நகர நெரிசலிலேயே ஊர்ந்து ஓடும் வண்டிகளில் இந்த மூன்றாவது அதிகம்.

சுவிஃப்டுல 75, எர்டிகாவுல 90. ஒரே என்ஜின்னு சொல்லிட்டு இது எப்படீங்க?

உள்ளே இருக்கும் பிளாக், பிஸ்டன், நகர்வுத் தூரம் அனைத்தும் ஒன்றே. முதன்மையான வேறுபாடு டர்போவில். 75 குதிரைத்திறன் வகையில் டர்போவின் புகை வழி மாறாத அளவுடையது. எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ், மான்சா, லீனியா போன்றவற்றில் உள்ள 90 குதிரைத்திறன் வகையில், புகை நுழையும் வாயில் திசை மாறும் சிறு தகடுகள் இருக்கின்றன. தோட்டத்தில் தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் நீர் வேகமாகப் பாய்வதைப் போல, குறைந்த சுழற்சியில் அத்தகடுகள் வழியைக் குறுக்கிப் புகையின் வேகத்தைக் கூட்டுகின்றன. சுழற்சி கூடியதும் திறந்து வழிவிடுகின்றன. அதனால் 200 நியூட்டன் மீட்டர் 1750 சுற்றிலேயே கிடைக்கிறது, மேல் எல்லையிலும் மூச்சு முட்டுவதில்லை. ஃபியட் தன் லீனியாவுக்கு 93 குதிரைத்திறன், 209 நியூட்டன் மீட்டர் என்று குறித்தது. முந்தைய கேள்வியில் சொன்ன மந்தம் இந்த வகையில் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அந்தத் தகடுகளில் கரி படிந்து இறுகினால் பழுது பார்க்கும் செலவும் கூடுதல்.

செட்டிபாளையம் ரேஸ்ல ஓடற ஃபார்முலா காருல சுவிஃப்ட் என்ஜின்னு சொல்றாங்களே, அது இதுங்களா?

அல்ல. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா கார்களில் இருப்பது சுசுகியின் 1298 சி.சி. பெட்ரோல் என்ஜின். அது ஜி வரிசை என்ற வேறு குடும்பம். அதன் சிலிண்டர் விட்டம் 74, நகர்வுத் தூரம் 75.5 மி.மீ.; இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதால் உயர்ந்த சுழற்சிக்கு இசைந்து கொடுக்கும். பந்தயத்துக்கு அந்தக் குணம் வேண்டும். 4000 சுற்றிலேயே உச்சத் திறனைத் தொட்டுவிடும் டீசலுக்கு அங்கே வேலை இல்லை.

செவர்லே பீட் டீசலும் இதே குடும்பம்னு ஒருத்தர் சொன்னாரு. உண்மைங்களா?

உண்மை. இதே வடிவமைப்பிலிருந்து ஒரு சிலிண்டரைக் குறைத்து உருவாக்கியது அது. 1248இல் நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 936. பீட் டீசலின் அளவும் 936 சி.சி.யே. மூன்று சிலிண்டர் என்ஜினுக்கு முன்னும் பின்னும் ஆடும் இயல்பு உண்டென்பதால் நிற்கும்போது அதிர்வு சற்றுக் கூடுதலாகத் தெரியும்.

ஆயில் மாத்தி ரெண்டே நாள்ல கன்னங்கரேல்னு ஆயிருது. டூப்ளிகேட் ஆயில் ஊத்திட்டாங்களா?

நிறத்தை வைத்து அப்படி முடிவு செய்ய வேண்டாம். டீசல் எரியும்போது உண்டாகும் நுண்ணிய கரியைத் தன்னோடு சேர்த்துச் சுமப்பது ஆயிலின் பணிகளில் ஒன்று. எந்த டீசல் என்ஜினிலும் புது ஆயில் விரைவில் கறுக்கும்.

கவனிக்க வேண்டியது தரமும் காலமும். இந்த என்ஜினின் ஆயில் கொள்ளளவே சுமார் 3 லிட்டர். ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அந்தச் சிறு அளவு ஆயில்தான் டர்போவையும், வால்வுகளைப் பிஸ்டனின் நகர்வோடு நேரம் பொருந்த இயக்கும் டைமிங் செயினின் இறுக்கியையும், வால்வுகளின் ஹைட்ராலிக் அமைப்பையும் காக்க வேண்டும். ஆகவே மாருதி குறித்த 10,000 கி.மீ. எல்லையைத் தாண்ட விடாதீர்கள். நகருக்குள்ளேயே குறுந்தூரம் ஓடும் வண்டி என்றால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். வண்டியின் கையேட்டில் குறித்த தர எண்ணுள்ள ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். லாரிக்கு வாங்கிய கெட்டி ஆயில் மிச்சமிருக்கிறது என்று இதில் ஊற்றுவது நம் பக்கம் காணும் பழக்கம். அது இந்த என்ஜினுக்குச் செய்யும் பெருங்கேடு.

இதுல டைமிங் பெல்ட் இல்ல, செயினு. ஆயுசுக்கும் பார்க்க வேண்டியதில்லன்னு சொல்றாங்க, நம்பலாங்களா?

பாதி மட்டும் நம்பலாம். பெல்ட்டைப் போலக் குறித்த தூரத்தில் கழற்றி மாற்ற வேண்டிய பொருளாக இதை வடிவமைக்கவில்லை, 2,50,000 கி.மீ. வரை என்ஜினின் இயந்திரப் பாகங்களைத் தொட வேண்டியிராது என்பது ஃபியட் வைத்த இலக்கு. ஆனால் அந்தச் செயின் ஒற்றை வரிசையுள்ள மெல்லியது. அதை இறுக்கமாக வைத்திருப்பது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் இறுக்கி. கரியும் தூளும் நிறைந்த பழைய ஆயில் செயினின் ஊசிகளுக்கும் துளைகளுக்கும் இடையே புகுந்து தேய்க்கத் தேய்க்க, செயின் சிறிது சிறிதாக நீள்கிறது. முந்தைய விடையில் ஆயிலைப் பற்றி அவ்வளவு வற்புறுத்தியது இதனால்தான்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி கரகரத்து நின்றுவிட்டால், இரவில் இறங்கிய ஆயில் இறுக்கிக்கு ஏறும் வரையிலான ஓசை அது. என்ஜின் சூடான பின்னும் செயின் பக்கத்திலிருந்து உரசும் ஓசை தொடர்ந்தால் தள்ளிப்போடக் கூடாது. செயின் பல் தாண்டினாலோ அறுந்தாலோ பிஸ்டன் வால்வுகளில் மோதும். வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்கள் முறியும், வால்வுகள் வளையும். மாற்றும்போது செயினை மட்டும் மாற்றாமல் இறுக்கி, வழிகாட்டிகள், பற்சக்கரங்கள் என முழுத் தொகுதியாக மாற்ற வேண்டும்.

டாப்பெட் செட்டிங் எத்தன கிலோமீட்டருக்கு ஒருக்கா பண்ணணுங்க?

தேவையில்லை. 16 வால்வுகளின் இடைவெளியையும் ஹைட்ராலிக் அமைப்பே ஆயில் அழுத்தத்தால் சரிசெய்துகொள்கிறது. டிக்டிக் ஓசை நிலையாகக் கேட்டால் முதலில் ஆயிலின் அளவையும் தரத்தையும் பாருங்கள்.

டீசல் எங்க போட்டா என்னங்க, எல்லாம் ஒண்ணுதானே?

பழைய அம்பாசிடர் டீசலுக்கு அந்த அலட்சியம் தாங்கியது. இதில் உயர் அழுத்தப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் உயவு தருவது டீசலே. உள்ளே உள்ள இடைவெளிகள் மைக்ரான் கணக்கில் இருப்பவை. தண்ணீர் கலந்தால் அந்தப் பரப்புகள் துருப்பிடிக்கும்; மண்ணெண்ணெய் கலந்தால் உயவுத்தன்மை குறைந்து உராயும்; பம்ப் உதிர்க்கும் உலோகத் தூள் நான்கு இன்ஜெக்டர்களையும் சேர்த்துக் கெடுக்கும். அதன் பிறகான செலவு பழைய காரின் விலையில் கணிசமான பங்காகிவிடும்.

டீசல் வடிகட்டியில் தண்ணீரைப் பிரித்துத் தேக்கும் பகுதி இருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே வடித்துவிட வேண்டும். விலை குறைந்த வடிகட்டியை வாங்கிப் போடுவது இந்த வண்டியில் எந்த விதத்திலும் சிக்கனமாகாது.

திம்பம் இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சமாகுங்களா?

ஆகாது. கியரில் இருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே என்ஜினைச் சுழற்றுகின்றன என்பதைக் கணினி உணர்ந்து டீசலை முழுவதும் நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் என்ஜின் அணைந்துவிடாமல் இருக்க டீசல் பீய்ச்சியே ஆக வேண்டும். மிச்சம் பிடிப்பதாக எண்ணிச் செலவுதான் செய்கிறோம்.

பெரிய விஷயம் பாதுகாப்பு. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். டீசல் என்ஜினில் காற்று வழியை அடைக்கும் அமைப்பு பெட்ரோலைப் போல வேலை செய்யாததால் என்ஜின் பிடிப்பும் சற்றுக் குறைவே. எனவே பெட்ரோல் காரைவிட ஒரு கியர் கீழே இறங்குவது நல்லது. என்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதை நினைக்கவே கூடாது. பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பும் அதோடு நின்றுவிடும்.

வண்டிய நிறுத்தினதும் ஒரு நிமிசம் ஓட விடணும்ங்கறாங்களே?

நான்கு வழிச் சாலையில் வேகமாக வந்த பிறகோ, மலையேறி நின்ற உடனோ, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஓடவிடுவது நன்று. கடுமையாகச் சூடேறிய டர்போவின் தண்டைச் சுற்றி ஆயில் ஓட்டம் நின்றால் அங்கேயே கருகிப் படியும். ஊருக்குள் மெதுவாக வந்து நின்ற வண்டிக்கு அவசியமில்லை.

2011 சுவிஃப்டுக்கு 22.9, 2018 சுவிஃப்டுக்கு 28.4 மைலேஜ்னு போட்டிருக்காங்க. அதே என்ஜின் எப்படீங்க இவ்வளவு ஏறும்?

இரண்டும் சோதனைக்கூட அளவுகள் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். சாலையில் இரண்டுமே குறையும். ஏற்றத்துக்குக் காரணம் என்ஜின் மட்டுமன்று. காரின் எடை குறைந்தது. கியர் விகிதங்களும் கணினியின் பீய்ச்சல் திட்டமும் திருத்தம் கண்டன. 2015இல் சியாஸ் டீசலில் வந்த எஸ்எச்விஎஸ் அமைப்பு, நிற்கும்போது என்ஜினை அணைத்தும், வேகம் குறைக்கும்போது கிடைக்கும் ஆற்றலை மின்கலத்தில் சேர்த்துப் பின்னர் சிறு உந்துதலாகத் திருப்பித் தந்தும், 28.09 என்ற அளவைக் காட்டியது.

இவ்வளவு நல்ல என்ஜினை எதுக்குங்க நிறுத்தினாங்க?

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றை ஒரு டீசல் கார் நிறைவேற்ற, புகையிலுள்ள கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் கருவிகளும் வேண்டும். பெரிய காரின் விலையில் அந்தச் செலவு மறையும். சிறு காரின் விலையில் மறையாது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலை இடைவெளியும் அதற்குள் சுருங்கிவிட்டது. 2019இல் மாருதி தானே வடிவமைத்த 1498 சி.சி. டீசலைக்கூட மறு ஆண்டே கைவிட்டு, டீசல் கார்களையே நிறுத்திக்கொண்டது. தொழில்நுட்பத்தில் தோற்று இந்த என்ஜின் விலகவில்லை, கணக்குக்குள் அடங்காமல் போனதே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டின வண்டிய வாங்கலாமுங்களா? என்ன பார்த்து வாங்கணும்?

வாங்கலாம், ஆனால் மீட்டரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒழுங்காக ஆயில் மாற்றி நெடுஞ்சாலையில் இரண்டு லட்சம் ஓடிய வண்டி, கவனிப்பின்றி நகருக்குள் 80,000 ஓடிய வண்டியைவிட மேல். ஆயில் மாற்றிய ரசீதுகள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்பதே முதல் சோதனை.

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, என்ஜினைச் சூடாக்காமல் வைக்கச் செய்து, குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். செயின் ஓசையை மேலே சொன்னபடி கவனியுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வருவது இயல்பு. குப்குப்பென்று புகை தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. நீலப் புகை ஆயில் எரிவதையும், சூடான பின்னும் நிற்காத வெண்புகை எரியாத டீசலையோ குளிர்விக்கும் நீர்க் கசிவையோ காட்டும். இன்ஜெக்டர் ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வரும் டீசலின் அளவைக் குப்பிகளில் பிடித்து ஒப்பிடும் சோதனையைப் பம்ப்-நாசில் பட்டறையில் செய்து பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பலமடங்கு கூடுதலாக ஊற்றினால் விலையை அதற்கேற்பப் பேச வேண்டும்.

75ஐ சிப் போட்டு 90 ஆக்கித் தர்றேங்கறாங்க. செய்யலாமுங்களா?

கணினியின் திட்டத்தைத் திருத்தி அதிக டீசல் பீய்ச்சினால் எண்ணிக்கை கூடும் என்பது உண்மை. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த 90க்கு வேறு டர்போ இருக்கிறது என்பதை முன்பே பார்த்தோம். மாறாத அளவுள்ள சிறு டர்போவை அதன் எல்லைக்கு மேல் சுழற்றினால் காற்று போதாமல் கரும்புகையும் வெப்பமும் கூடும். டர்போ, கிளட்ச் இரண்டின் ஆயுளும் குறையும். ஒன்றரை லட்சம் ஓடிய என்ஜினில் இதைச் செய்ய நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. 90 தேவைப்படுபவர் 90ஆகவே பிறந்த வண்டியைத் தேடுவது மேல்.

விஸ்டாவுல கழட்டின இன்ஜெக்டர், டர்போவெல்லாம் சுவிஃப்டுக்குச் சேருங்களா?

என்ஜினின் மையப் பாகங்கள் ஒரே வரைபடத்திலிருந்து வந்தவை என்பதால் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். ஆனால் தாங்கிகள், ஆயில் தொட்டி, குழாய்களின் திருப்பம், மின்கம்பிகளின் இணைப்பு ஆகியவை காருக்குக் கார் வேறுபடும். ஒரே காரிலும் ஆண்டுக்கு ஆண்டு, மாசு விதிக்கு மாசு விதி மாறுபாடுகள் உண்டு. ஆகவே தோற்றத்தை நம்பாமல், பாகத்தின் மீது பொறித்த எண்ணை ஒப்பிட்டு வாங்க வேண்டும்.

இன்ஜெக்டரில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. எண் பொருந்தினாலும் எந்த இரண்டு இன்ஜெக்டரும் துல்லியமாக ஒரே அளவு பீய்ச்சுவதில்லை. அந்தச் சிறு வேறுபாட்டை ஆலையிலேயே அளந்து, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடாக அதன் தலையில் பொறித்திருப்பார்கள். மாற்றியவுடன் அந்தக் குறியீட்டை, எந்த சிலிண்டரில் பொருத்தினோமோ அதற்குரிய இடத்தில், ஸ்கேனர் கருவி மூலம் காரின் கணினியில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் கணினி பழைய இன்ஜெக்டரின் கணக்கிலேயே பீய்ச்சச் சொல்லும். நிற்கும்போது என்ஜின் தடுமாறும், புகையும் தட்டலும் எழும், நல்ல இன்ஜெக்டரையே கெட்டது என்று கழற்றும் நிலை வரும். ஆகவே உடைக்கும் கடையில் வாங்கும்போது குறியீடு அழியாமல் படிக்க முடிகிறதா என்று பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.